ஒளியியல் நூலும் ஓர் உஸ்தாதின் நினைவும்

உடனடிப் பயனைக் கருதாமல், படைப்பின் உண்மை நிலையை அறிவதற்காகவே மேற்கொள்ளப்படும் ஆய்வே அடிப்படை அறிவியல் ஆய்வு எனப்படுகிறது. அது எவ்வாறு உறங்கிவிடுகிறது, எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதற்கு இப்னுல் ஹைதம் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ தக்க சான்றாகும்.

கி.பி. 965 வாக்கில் பஸராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் மறைந்த இப்பேரறிஞர், நூல்களைப் படியெடுத்துக் கொடுத்துக் கிடைத்த ஊதியத்தில் வாழ்ந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். மனிதன் எவ்வாறு பார்க்கிறான் என்பதே அவர் ஆராய்ந்த வினா. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என யூக்லிடும் தாலமியும் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று இப்னுல் ஹைதம் நிறுவினார். முன்னோர் கூற்றை அப்படியே ஏற்காமல், இருட்டறை, துளை, ஆடி முதலியவற்றைக் கொண்டு சோதித்தறிந்தார். இச்சோதனை முறையை ‘இஃதிபார்’ என்று அழைத்தார்.

ஏழு பாகங்கள் கொண்ட அந்நூல், முஸ்லிம் உலகில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. பின்னர்ப் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ என்ற மாணவர் ஒளிவிலகல் குறித்துத் தம் ஐயத்தை எழுப்பினார். அவருடைய உஸ்தாத் குத்புத்தீன் ஷீராஸீ, இளமையில் ஒரு நூலகத்தில் கண்ட அந்நூலை நினைவுகூர்ந்து, தொலைவிலிருந்து வரவழைத்துத் தந்தார். அதற்கு விரிவுரை எழுதிய கமாலுத்தீன், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளிக்கு ஒப்பாக வைத்து ஆராய்ந்தார். துளிக்குள் ஒளி இருமுறை விலகி, ஒருமுறை எதிரொளிப்பதால் வானவில் தோன்றுகிறது என்று விளக்கினார்.

இதற்கு முன்னரே மூலநூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டிருந்தது. அம்மொழிபெயர்ப்பு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. விழித்திரையில் பிம்பம் விழுவதை 1604இல் விளக்கிய கெப்ளர், இந்த ஒளியியல் மரபைக் கற்றுத் திருத்தி முன்னெடுத்தவரே. இன்றைய கண் மருத்துவத்திற்கு அடித்தளமான அறிவு இவ்வாறே வளர்ந்தது. இருட்டறையில் சோதித்தவர் இப்பயனைக் கண்டிருக்க இயலாது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அந்த இரண்டரை நூற்றாண்டுகளிலும் நூல் இருந்தது. அதைத் தேடிப் படிப்போரே அரிதாயினர். ‘இதனால் என்ன வேலை கிடைக்கும்?’ என்ற ஒற்றைக் கேள்வியால் கல்வியை அளக்கும் சமுதாயம், தன்னிடமுள்ள கருவூலத்தையே அறியாது போகும். மாணவரின் பயனற்றதாகத் தோன்றும் வினாவையும் மதித்து, அதற்குரிய நூலைத் தேடித் தருவது ஆசிரியர் மீதும் கல்விக்கூடங்கள் மீதும் உள்ள அமானிதமாகும்.