பெயர் திரியினும் குலம் திரியாது

திருமுன் நிற்கும் அன்பர் பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் உரைத்துச் சங்கற்பம் செய்துகொள்வது நம் மரபு. தம் குலதெய்வம் எவ்வூரில் எழுந்தருளியுள்ளது என்று அறியாதார்க்கு அவ்வேளையில் உள்ளத்தே ஒரு குறை தோன்றும். கடல் கடந்து நேட்டால் சென்ற தமிழர் வழியினருள் பலர்க்கு இக்குறை உண்டு.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒப்பந்த முறையில் அங்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர்; அவருள் பெரும்பாலோர் சென்னை வழியே சென்றவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தந்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதினர்.

எழுதியோர் செவியில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதினர். அம்மொழி எழுத்தில் லகர ளகர ழகர வேறுபாடு இல்லை. ஆதலின் முனியம்மாள் ஓரிடத்தில் ‘மூனியம்மா’ எனவும், மற்றோரிடத்தில் ‘முனியாமா’ எனவும் படிக்குமாறு அமைவாள். விரைந்தோடும் கையெழுத்தில் ‘என்’ எழுத்தும் ‘யூ’ எழுத்தும் ஒன்றாய்த் தோன்றும். தந்தை பெயரோ பட்டமோ குடும்பப் பெயராக நிலைத்தபோது, முதலி ‘மூட்லி’ எனவும் கவுண்டர் ‘கவெண்டர்’ எனவும் வழங்கலாயினர்.

இதற்காக அயலாரை மட்டும் குறைகூறுதல் தகாது. நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். சேந்தன் என்பதைச் செந்தன் என்றும் படிக்க இடமுண்டு. ஆயினும் முன்னும் பின்னும் நோக்கிப் பொருள் கண்டு படித்தனர் நம் புலவர்.

முன்னோரைத் தேடுவார்க்கும் அந்நெறியே துணை. ஓரெழுத்து மாறிற்று என்று ஏட்டை ஒதுக்கலாகாது. பெயரை வாய்விட்டு ஒலித்துப் பார்த்தல் வேண்டும். பெயர் ஒத்தது என்று உடனே துணிதலும் ஆகாது. ஒரே கப்பலில் முனுசாமிகள் பலர் இருத்தல் கூடும். தந்தை பெயரும் ஊரும் வயதும் எண்ணும் ஒருங்கு பொருந்தினால் மட்டுமே துணிதல் வேண்டும்.

திருப்பணிக்குப் பொருள் ஈந்து கல்லில் பெயர் பொறிக்கும் பெருமக்கள் இதனை உளங்கொள்வாராக. முதலெழுத்தோடு நிறுத்தாமல், தந்தையார் பெயரையும் சொந்த ஊரையும் முழுமையாகத் தமிழில் பொறித்து வைத்தால், நூறாண்டு கழித்து வரும் பேரன்மார்க்கு அக்கல்லே வழிகாட்டும். குலம் தழைக்க இறைவன் திருவருள் முன்னிற்பதாக!