பழைய கடனும் ஒரே தவணைத் தீர்வும்



தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கடன் என்னும் சொல் புதிதன்று. கடைப்பற்று, கலியாணக் கடன், வைத்தியச் செலவுக்கு வாங்கிய கடன் என்று ஏதாவது ஒன்று கணக்குப் புத்தகத்தில் நின்றுகொண்டே இருக்கும். என்றைக்காவது ஒரு நாள் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருகிறது. தோட்டம் விற்கப்பட்டு வேலை நீக்க இழப்பீடு கிடைக்கலாம். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதி கிடைக்கலாம். அப்போது வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது: "கடன் கொடுத்தவரிடம் இதில் ஒரு பகுதியை ஒரே தவணையில் கொடுத்து, கணக்கை முடித்துக் கொள்ளும்படி கேட்போமா, வேண்டாமா?"

இந்தக் கேள்வி நமக்கு முன் வாழ்ந்தவர்களுக்கும் எழுந்தது. அவர்களில் சிலர் கடனிலிருந்து மீண்டார்கள். சிலர் கொடுத்த பணத்தையும் இழந்து கடனையும் சுமந்தார்கள். அந்த வரலாற்றை இன்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் இலங்கையை எடுத்துக் கொள்வோம். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டு வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதினார். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். 'இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டு விடுகிறேன்' என்பது அதன் பொருள். இதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் அந்தத் தொகையை ஒரே தடவையில் கட்டிவிடும். பழைய தோட்டத்தின் கணக்கு தீர்ந்தது. ஆனால் தொழிலாளியின் கடன் தீர்ந்ததா? இல்லை. அது புதிய தோட்டத்தின் பேரேட்டில் ஏறியது. அதோடு புதிய முன்பணமும் சேர்ந்தது. தோட்டம் மாறும்போதெல்லாம் கடன் வளர்ந்ததே தவிர, குறையவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் தெளிவானது. ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் வாங்கினால், கடன் கொடுத்தவர் மாறுகிறார், கடனாளி மாறுவதில்லை.

மலாயாவில் நிலைமை சற்று வேறாக அமைந்தது. 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் பணம் கட்டினார்கள். அந்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டதால், தொழிலாளி வழிச்செலவுக் கடன் இல்லாமல் கரை இறங்க முடிந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. ஆயினும் கடைப்பற்றும் வட்டிக்கடனும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. நம் மலாக்கா மாநிலத்தில், 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வாணிப நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் ரப்பர் பரவிய இடமெல்லாம் கடனும் பரவியது. ரப்பர் விலை ஏறிய காலத்தில் நிலத்தின் பேரில் கடன் வாங்கியவர்கள் பலர். 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் வாணிபம் படுத்தது. ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை.

அந்த வேளையில் கடன் கொடுத்தவர்களின் நிலையையும் நாம் அறிந்து கொள்ள வேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்த பணம் முழுவதும் அவர்களுடைய சொந்தப் பணம் அன்று. உறவினர் போட்டு வைத்த பணமும், வங்கியில் வாங்கிய பணமும் அதில் கலந்திருந்தன. அவர்களும் வட்டி கட்ட வேண்டியவர்களே. பர்மாவின் தென்பகுதியில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் அது 25 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. அவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, பணத்தை. பணம் வராததால் நிலம் வந்து சேர்ந்தது. பிறகு அரசியல் மாறியபோது அந்த நிலமும் கைவிட்டுப் போயிற்று.

கடன் கொடுத்தவர் குறைந்த தொகைக்கு ஏன் இசைவார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வருமோ வராதோ என்ற நூறு வெள்ளியை விட, இன்று கைக்கு வரும் ஐம்பது வெள்ளி அவருக்குப் பெரிது. ஆகவே தீர்வு கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. அது இருவருக்கும் ஆதாயம் தரக்கூடிய ஒரு பேரம்.

இதை ஓர் அரசாங்கமே முன்னின்று நடத்திக் காட்டிய வரலாறும் உண்டு. குஜராத்துப் பகுதியில் பவநகர் என்றொரு சமஸ்தானம் இருந்தது. அங்கே சர் பிரபாசங்கர் பட்டாணி என்பவர் நிர்வாகத்தை நடத்தி வந்தார். 1930களின் தொடக்கத்தில் அந்தச் சமஸ்தானம் குடியானவர்களின் கடன்களைக் கணக்கெடுத்தது. மொத்தம் ஏறத்தாழ 86 லட்சம் ரூபாய். லேவாதேவிக்காரர்களோடு பேசி, ஏறத்தாழ 20 லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து அவ்வளவு கடனையும் தீர்த்தது. அதாவது, நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பணத்தைக் குடியானவர்கள் சமஸ்தானத்துக்குத் தவணையாகத் திருப்பிக் கட்டினார்கள். இதுவும் கடனை மாற்றிய ஏற்பாடுதானே என்று நேயர்கள் கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. துண்டில் கடன் ஏறியது. பவநகரில் கடன் நான்கில் ஒன்றாக இறங்கியது.

சென்னை மாகாணத்திலும் 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. இரு தரப்பாரையும் கூட்டி வைத்துப் பேசும் வாரியங்களுக்கு அது வழி செய்தது. இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் விவசாயி வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டிப் பாக்கியை அது தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றும் சொன்னது. நம் ஊருக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஆனாலும் அதில் உள்ள கேள்வி நமக்கும் உரியது: வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு?

இனி நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்வோம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தது. அவர்கள் அச்சிட்ட பணத்தை நம் பெரியவர்கள் 'வாழைமர நோட்டு' என்பார்கள். நாளாக நாளாக அந்த நோட்டு மதிப்பிழந்தது. போருக்கு முன் நல்ல பணத்தில் வாங்கிய கடனை, சிலர் இந்த நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் ஒரே தவணையில் கட்டினார்கள். மறுக்க முடியாமல் செட்டியார்கள் வாங்கிக் கொண்டார்கள். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாக் காசாயிற்று. கட்டிய கடன் தீர்ந்ததா, தீரவில்லையா என்று பெரும் வழக்கு எழுந்தது. 1948இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. நோட்டின் மதிப்பு எந்த மாதத்தில் எவ்வளவு என்று அதில் ஓர் அட்டவணையே போட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கில், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம் என்று காட்டும் ரசீதே ஒருவருக்குத் துணை. பணம் கைமாறினால் மட்டும் கடன் தீர்வதில்லை. எழுத்தும் கைக்கு வரவேண்டும்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு இன்றைய நிலைக்கு வருவோம். புக்கிட் காத்தில், ஆயர் குரோ வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஓராண்டுக்கு இருபது நாள் சம்பளம் என்ற கணக்கில் நீக்க இழப்பீடு உண்டு. லயத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு அதுதான் புது வாழ்வின் முதல். அதில் ஒரு பங்கைக் கடனுக்கு எடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அசல் பாக்கி 9,000 வெள்ளி. வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று வைத்துக் கொள்வோம். மாத வட்டி மட்டும் 135 வெள்ளி. மாதம் 100 வெள்ளி கட்டுகிறவர் பத்தாண்டில் 12,000 வெள்ளி கட்டியிருப்பார். அசலில் ஒரு காசும் குறைந்திராது. இப்படிப்பட்ட கடனை 5,000 வெள்ளிக்கு முடிக்க இயலுமானால் அது நல்ல தீர்வு. ஆனால் கையில் இருப்பதே 6,000 வெள்ளி, குடியிருக்க வீடு இல்லை, அடுத்த வேலையும் உறுதியில்லை என்றால், அதே தீர்வு கெட்ட தீர்வாகிவிடும். மூன்றாம் மாதமே மறுபடி வட்டிக்கு வாங்க நேரிடும். அது பழைய துண்டுக் கதைதான்.

சட்டத்தையும் அறிந்து கொள்ள வேண்டும். 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்கு ஆறாண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு பெற்ற கடனுக்குப் பன்னிரண்டு ஆண்டு. மிகப் பழைய கடனுக்கு யாராவது வந்து, "ஐம்பது வெள்ளி மட்டும் கொடுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டால் நிதானிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தோ ஐம்பது வெள்ளியோ ஆறாண்டுக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடக் கூடும். சேமநிதிக் கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் பறிமுதல் செய்ய முடியாது. ஆகையால் மிரட்டலுக்குப் பயந்து அதை எடுத்துக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், அடமானம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. வங்கிக் கடனாக இருந்தால், 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிலையத்தில் கட்டணம் இல்லாமல் ஆலோசனை பெறலாம்.

தீர்வு கேட்பது என்று முடிவு செய்தால், முதலில் கணக்கை எழுத்தில் கேளுங்கள். குடும்பத்தின் ஆறு மாதச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு, மிஞ்சுவதில் மட்டும் பேசுங்கள். ஜாமீன் நின்றவர் இருந்தால் அவர் பெயரையும் விடுவிக்கக் கேளுங்கள். நமக்காகக் கையெழுத்திட்டவரை நடுத்தெருவில் விடலாகாது. 'இத்தொகையோடு முழுக்கடனும் தீர்ந்தது' என்ற கடிதம் கைக்கு வந்தபின் பணத்தைக் கொடுங்கள். ரசீதையும் பழைய கடன் பத்திரத்தையும் திரும்பப் பெற்றுப் பத்திரமாக வையுங்கள். எழுத்துத் தெரியாத முதியவர்கள் இருந்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆயுள் முழுவதும் மரம் வெட்டிச் சேர்த்த பணம் அது. கடனைத் தீர்ப்பது நம் கடமை. அளந்து தீர்ப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை.