வேகமும் வேக வேறுபாடும்: நெடுஞ்சாலை நெரிசலில் இடைபுகும் மோட்டார் சைக்கிள்

கலிபோர்னியா மாநில வாகனச் சட்டத்தின் 21658.1 ஆம் பிரிவு, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதால் கவனிக்கத்தக்கது. நிற்கும் அல்லது நகரும் வாகன வரிசைகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் புகுந்து செல்வதை, அதாவது அங்கே ‘லேன் ஸ்ப்ளிட்டிங்’ என்று வழங்கும் செயலை, அது வரையறுக்கிறது. அதற்கான பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வகுக்க மாநில நெடுஞ்சாலைக் காவல் துறைக்கு அதிகாரம் தருகிறது. அத்தோடு முடிந்துவிடுகிறது. 2016 ஆகஸ்டில் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்டு 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் முந்தைய வரைவில் இரண்டு எண்கள் இருந்தன: சுற்றியுள்ள போக்குவரத்தைவிட மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடுதலாகப் போகக்கூடாது, எப்படியானாலும் 50 மைலைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் முறையே ஏறத்தாழ 24, 80 கி.மீ. இறுதி வடிவத்தில் இரண்டுமே இல்லை. இந்த எண்களில் முதலாவதுதான், வேக வேறுபாடு பற்றியதுதான், இடைபுகுதலின் ஆபத்தை முதன்மையாக நிர்ணயிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தடங்களுக்கு நடுவே புகுவது சரியா தவறா என்று நடக்கும் பட்டிமன்றத்தில் இரு தரப்பும் பேசாமல் விட்டுவிடும் அளவு இது.

சான்றுகளில் முதன்மையானது பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரைஸும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு. 2012 ஜூன் முதல் 2013 ஆகஸ்ட் வரை விபத்தில் சிக்கிய 5,969 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் காவல்துறைப் பதிவுகளை அது எடுத்துக்கொண்டது. அவர்களில் 997 பேர் மோதிய நேரத்தில் இடைபுகுந்து கொண்டிருந்தார்கள். தலைக்காயம் இவர்களில் 9 விழுக்காட்டினருக்கு, மற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கு. மார்பு, வயிறு உள்ளிட்ட உடற்பகுதிக் காயம் 19க்கு 29. மரணம் 1.2க்கு 3.0. மோட்டார் சைக்கிள் சங்கங்கள் இந்த எண்களைக் கொடியாகப் பிடித்ததில் வியப்பில்லை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பகுதி அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை. சுற்றியுள்ள போக்குவரத்தைவிட 15 மைல் வரை கூடுதலாகச் சென்றவர்களிடம் காயத்தின் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அதைத் தாண்டியவர்களிடம் எல்லா வகைக் காயமும் கூடியது. போக்குவரத்தின் வேகம் 50 மைலைத் தாண்டிய இடங்களிலும் அப்படியே. இடைபுகுதல் என்று ஒரே பெயரிட்டு அழைக்கும் செயலுக்குள் இரண்டு வேறு செயல்கள் இருக்கின்றன என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இதே ஆய்வில் இன்னும் ஒரு இணை எண் உண்டு. இடைபுகுந்தவர்களில் பின்னாலிருந்து இடிபட்டவர்கள் 2.6 விழுக்காடு, மற்றவர்களில் 4.6. முன்னால் போன வண்டியின் பின்புறத்தில் தாமே போய் மோதியவர்களோ இடைபுகுந்தவர்களில் 38 விழுக்காட்டை ஒட்டியும், மற்றவர்களில் 16ஐ ஒட்டியும் இருக்கிறார்கள். நெரிசலில் வரிசையோடு வரிசையாக நிற்கும் பைக்கை ஒரு கார் பின்னாலிருந்து இடித்து, முன்னே நிற்கும் காரோடு நசுக்கிவிடும் அபாயத்திலிருந்து இடைபுகுதல் ஓட்டுநரை விடுவிக்கிறது என்பது ஆதரவாளர்களின் பழைய வாதம். எண்களும் அதற்கு ஓரளவு ஒத்துப்போகின்றன. ஆனால் விடுவித்த கையோடு அவரிடம் வேறொரு பொறுப்பையும் ஒப்படைத்துவிடுகிறது. இனி மோதுவதும் மோதாமல் தப்புவதும் பெரும்பாலும் அவர் எவ்வளவு தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியும் என்பதைப் பொறுத்தது.

அந்தத் தூரத்தைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலைத் தடத்தின் வழக்கமான அகலம் 12 அடி, 3.6 மீட்டருக்குச் சற்று மேல். 1.8 மீட்டர் அகலமுள்ள இரண்டு கார்கள் தத்தம் தடத்தின் நடுவில் ஓடினால் அவற்றுக்கிடையே ஏறத்தாழ 1.8 மீட்டர் சந்து கிடைக்கும். இருபுறக் கண்ணாடிகளையும் கழித்தால் சுமார் 1.4 மீட்டர். பைக்கின் கைப்பிடி 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் மிஞ்சும். ஒரு பக்கம் 2.6 மீட்டர் அகலக் கனரக லாரி வந்துவிட்டால் அதுவும் போய்விடும், விரற்கடைக் கணக்குதான். (பெரிய வண்டிகளை ஒட்டிப் புகாதீர்கள் என்று கலிபோர்னியக் காவல் துறையின் அறிவுரை சொல்வது இதனால்தான்.) இந்தச் சந்தில் வரும் பைக்குக்கு 30 மீட்டர் முன்னே போகும் ஒரு கார் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்கிறார், பக்கத்துத் தடம் காலியாகத் தெரிகிறது, ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். பார்த்ததற்கும் சக்கரம் கோட்டைத் தொடுவதற்கும் இரண்டு மூன்று நொடி ஆகலாம். வேக வேறுபாடு 24 கி.மீ. என்றால் பைக் அந்த 30 மீட்டரைக் கடக்க நாலரை நொடி எடுக்கும். கார் ஓட்டுநர் இன்னொரு முறை கண்ணாடியைப் பார்க்கவும், பைக்காரர் பிரேக்கை அழுத்தவும் அவகாசம் உண்டு. வேறுபாடு 60 கி.மீ. என்றால் 1.8 நொடி. கண்ணாடியில் இல்லாத வண்டி கதவருகே வந்து நிற்கிறது. “எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை” என்று விபத்துக்குப் பிறகு கார் ஓட்டுநர்கள் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர் பார்த்த நேரத்தில் அங்கே எவரும் இல்லை என்பது பல சமயம் நேரான உண்மை.

பெர்க்லி எண்களுக்கு எதிராக எழும் தடைகளில் இரண்டு கனமானவை. அந்தத் தரவில் இருப்பவர்கள் அனைவரும் ஏற்கெனவே விபத்தில் சிக்கியவர்கள். எத்தனை பேர் எத்தனை மைல் இடைபுகுந்து பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்ற வகுஎண் அதில் கிடையாது. ஆகவே இடைபுகுதல் விபத்தைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ அதைக் கொண்டு சொல்ல முடியாது. விபத்து நேர்ந்தால் காயம் எப்படி என்பதை மட்டுமே சொல்லலாம். இந்த வரம்பை ஆய்வாளர்களே ஒளிக்கவில்லை. இரண்டாவது தடை, இடைபுகுவோர் வேறு வகை ஆட்கள் என்பது: வாரநாட்களில் வேலைக்குப் போய்வருபவர்கள், முழுமுக ஹெல்மெட் அணிபவர்கள், குடித்துவிட்டு ஓட்டுவது குறைவு. தலைக்காயம் குறைந்ததில் இடைபுகுதலைவிட ஹெல்மெட்டுக்கு அதிகப் பங்கு இருக்கலாம். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை பலவீனப்படுத்துவது இடைபுகுவோரையும் புகாதோரையும் ஒப்பிடும் முடிவைத்தான். வேக வேறுபாடு பற்றிய முடிவு இடைபுகுந்தவர்களுக்குள்ளேயே ஒருவரோடொருவரை ஒப்பிட்டு வந்தது. வேலைக்குப் போகிறவரும் போகிறவரும், சந்துக்குள் புகுந்தவரும் புகுந்தவரும் என்ற ஒப்பீட்டில் ஆள்வகை வேறுபாட்டின் பங்கு சுருங்கிவிடுகிறது. சங்கங்கள் பிடித்த கொடி சற்று ஆடலாம். இக்கட்டுரை நிற்கும் தரை அவ்வளவு ஆடாது.

இதைவிட வலுவான மறுப்பு பிரான்சிலிருந்து வருகிறது. 2016 பிப்ரவரி முதல் 2021 ஜனவரி வரை பாரிஸ் வட்டாரம் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் இடைபுகுதலை அரசு சோதனையாக அனுமதித்தது. முடிவில் அனுமதித்த சாலைகளில் இருசக்கர வாகன விபத்துகள் 12 விழுக்காடு கூடியிருந்தன. மற்றச் சாலைகளில் விபத்து குறைந்திருந்த காலம் அது. எதிர்ப்பாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தச் சோதனையின் விதியைப் பாருங்கள்: மணிக்கு 50 கி.மீ. வரை போகலாம். அசையாமல் நிற்கும் கார்களுக்கிடையே 50 கி.மீ. என்றால் வேறுபாடும் 50 தான், பெர்க்லி காட்டும் 24ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சட்டத்தை மதித்தவருக்கே அவ்வளவு வேறுபாட்டை அந்த விதி அனுமதித்தது. இரண்டாவது சோதனைக்குப் பிறகு 2025 ஜனவரியில் பிரான்ஸ் இடைபுகுதலை நிரந்தரமாகச் சட்டமாக்கியபோது 50 கி.மீ. வரம்பு தொடர்ந்தது, ஒரு வரிசையாவது நின்றுவிட்டால் 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்ற வரியும் இருந்தது. இதனால் பிரெஞ்சு விபத்துகளுக்கெல்லாம் வேக வேறுபாடே காரணம் என்று நான் நிறுவிவிட்டதாகாது. ஆனால் அந்த 12 விழுக்காட்டை இடைபுகுதலின் கணக்கில் மட்டும் எழுதுவதும் நியாயமில்லை.

வேக வேறுபாட்டை முன்னிறுத்தும் வாதத்துக்கு ஒரு கெட்ட பரம்பரையும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் சாலமன் 1964இல் வெளியிட்ட ஊரகச் சாலை ஆய்வு, சராசரி வேகத்திலிருந்து விலகும் வண்டிகளே, கூடினாலும் குறைந்தாலும், அதிகம் மோதுகின்றன என்று வளைகோடு போட்டுக் காட்டியது. எல்லாரும் வேகமாகப் போனால் நானும் அப்படிப் போவதே பாதுகாப்பு என்ற வசதியான கொள்கைக்கு அது ஆதாரமாகப் பயன்பட்டது. திரும்புவதற்காக வேகம் குறைத்த வண்டிகளும் மெதுவாகச் செல்பவை என்று எண்ணப்பட்டதே வளைகோட்டின் இடதுபுறம் உயர்ந்ததற்குப் பெருங்காரணம் என்று பிறகு வந்தவர்கள் சுட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் குளோடனும் மெக்லீனும் 1997இல் வெளியிட்ட ஆய்வோ 60 கி.மீ. வேக வரம்புள்ள சாலையில் அதற்கு மேல் ஒவ்வொரு 5 கி.மீ. கூடுதலுக்கும் காயம் ஏற்படுத்தும் விபத்தின் வாய்ப்பு இரட்டிக்கிறது என்றது. ஆகவே நேர் வேகத்தை விட்டுவிட்டு வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது. வேறுபாடு மோதல் நேருமா என்பதை நிர்ணயிக்கிறது. கண்ணாடியில் உரசிச் சாய்ந்தவர் தார்ச்சாலையில் எந்த வேகத்தில் விழுகிறார் என்பதை நேர் வேகம் நிர்ணயிக்கிறது. கலிபோர்னிய வரைவில் ஒன்றுக்கு இரண்டு எண்கள் இருந்ததற்குப் பொருள் இதுதான். அவற்றை எடுத்துவிட்டு, வேகம் கூடினால் ஆபத்து கூடும், வேறுபாடு கூடினால் ஆபத்து கூடும் என்று அறிவுரை மட்டும் சொல்வது, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்வது போல. தவறில்லை, எவரும் அளந்து போடப்போவதுமில்லை.

வேறுபாட்டை எப்படி அளப்பது, காவலர் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளின் வேகத்தை எடுக்க முடியுமா என்பது நடைமுறைவாதிகளின் கேள்வி. இதற்கு விடையை வேறு சில சட்டங்கள் தம்மையறியாமலே தந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலை முதல் 30 கி.மீ.க்கு உட்பட்டு மட்டும் புக அனுமதிக்கிறது. அமெரிக்க மாநிலங்களான யூட்டா 2019இலும் அரிசோனா 2022இலும் நின்றுவிட்ட வண்டிகளுக்கிடையே மட்டும், மணிக்கு 15 மைலுக்குள், அதுவும் வேக வரம்பு 45 மைலைத் தாண்டாத சாலைகளில் என்று வகுத்தன. சுற்றியிருப்பவை நின்றுவிட்டால் பைக்கின் வேகமும் வேறுபாடும் ஒரே எண். சாதாரண வேகமானி போதும். மெதுவாக நகரும் நெடுஞ்சாலை வரிசையில் இது முழுதாகச் செல்லாதுதான். ஆனாலும் அந்த வரிசை 40 கி.மீ.யில் நகரும்போது 90இல் புகுபவரை அடையாளம் காண நுட்பக் கருவி எதுவும் தேவைப்படாது.

இந்த எண்களை அப்படியே தாம்பரம்–செங்கல்பட்டுச் சாலையில் கொண்டுவந்து நட முடியாது. கலிபோர்னியக் கணக்கின் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் தம் தடத்தை விட்டு நகரமாட்டா. ஷேர் ஆட்டோ ஆளைக் கண்டதும் ஒடிக்கும் சாலையில், கனரக லாரி வலத்தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு 40இல் போக மற்ற வண்டிகள் இடப்பக்கமாகவே முந்தும் சாலையில், சந்தின் அகலம் நொடிக்கு நொடி மாறும். அங்கே தாங்கக்கூடிய வேறுபாடு 24ஐவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். ஆனால் அளக்க வேண்டிய பொருள் அதேதான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை அவ்வாண்டின் சாலை மரணங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை ‘அதிவேகம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைக்கிறது. எதைவிட அதிகம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. நள்ளிரவில், பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிறுத்தப்பட்ட லாரியின் பின்னால் 70 கி.மீ.யில் வந்து மோதுகிறவர் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் எந்த வரம்பையும் மீறியிருக்கமாட்டார். அந்த மரணத்தையும் அதிவேகம் என்று எழுதிக்கொண்டால், லாரியின் வேகம் பூச்சியமாக இருந்தது என்ற செய்தி அட்டவணைக்கு வெளியே நின்றுவிடுகிறது.