இரண்டாவது பெயர் யார்? சென்னையின் எஃப்சியும் சென்னை சிட்டியும்

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சியை 3-2 என வீழ்த்தி, சென்னையின் எஃப்சி இரண்டாம் முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துக் கோப்பையை வென்றது. மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒரு கோல். அதே பருவத்தில் ஐ-லீக்கில் ஆடிய இன்னொரு தமிழக அணியான சென்னை சிட்டி எஃப்சி பட்டியலின் அடிப்பகுதியில் முடித்தது. அடுத்த வசந்தத்தில் நிலை தலைகீழானது. சென்னையின் எஃப்சி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் ஐஎஸ்எல்லில் கடைசி. சென்னை சிட்டி 43 புள்ளிகளுடன் ஐ-லீக் சாம்பியன்.

இடையில் நடந்தது ஒரே ஒரு கோடை. ஆட்டமில்லாத அந்த மாதங்களில் இரு அணிகளும் தங்கள் வீரர் பட்டியலை எப்படிப் பார்த்தன என்பதில்தான் இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கான காரணம் இருக்கிறது.

எங்கள் கடலோர ஊரான மாரியூரிலிருந்து சென்னை நேரு மைதானம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். நேரில் போய் ஆட்டம் பார்ப்பது இங்குள்ளவர்களுக்கு அபூர்வம். ஆனால் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலமும், அணிகள் ஆளெடுக்கும் காலமும் சேர்ந்தே வருகின்றன. யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை அனுப்ப வேண்டும் என்ற வாக்குவாதத்துக்கு இந்தக் கடற்கரையில் நேரம் இருக்கிறது. அந்த வாக்குவாதங்களில் எப்போதும் முதல் பதினொரு பேரைத்தான் பேசுகிறோம். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது பெயர் யார்?

சென்னையின் எஃப்சி அந்தக் கோடையில் வெற்றி அணியைக் கலைக்காமல் வைத்துக்கொள்ளவே விரும்பியது. பயிற்சியாளர் ஜான் கிரிகரி இருந்தார், மைல்சன் இருந்தார், அகஸ்டோ, கால்டெரான், ஜெஜெ எல்லோரும் இருந்தார்கள். கேப்டன் என்ரிகே செரேனோ போனார். அவர் இடத்துக்கு எலி சாபியா வந்தார். காகிதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் பருவத்துக்கு முன்பே தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியேறினார். வியாசர்பாடியில் வளர்ந்த அந்த நடுக்கள வீரர் செய்த வேலை கண்ணுக்கு எளிதில் தெரியாது. எதிரணித் தாக்குதலை நடுக்களத்திலேயே முறித்து, பின்னால் நிற்கும் இரண்டு நெடிய தடுப்பாட்டக்காரர்களுக்கு மூச்சுவிட இடம் தருவது அவர்தான். முந்தைய பருவத்தின் லீக் ஆட்டங்களில் 19 கோல் மட்டுமே வாங்கிய அணி இம்முறை 32 வாங்கியது. பலரும் தடுப்பாட்டத்தைக் குறை சொன்னார்கள். என் பார்வையில் பிழை தடுப்பாட்டக்காரர்களிடம் இல்லை, அவர்களுக்கு முன்னால் இருந்தது. காயத்தை விதி என்று விட்டுவிடலாம். கணேஷ் இல்லையென்றால் யார் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்காததை அப்படி விட முடியாது.

முன்களத்திலும் அதே கதை. கோப்பை வென்ற பருவத்தில் ஒன்பது கோல் அடித்த ஜெஜெ மறுபருவத்தில் லீக்கில் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். புதிதாக வந்த கார்லோஸ் சலோம் அந்த இடத்தை நிரப்பவில்லை. இது சென்னையினுக்குப் புதிதும் அல்ல. 2015-இல் 13 கோல் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த ஸ்டிவன் மெண்டோசா போன பிறகு, 2016-இல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்தது. ஒரு முறை பட்டது போதவில்லை.

சென்னை சிட்டிக்குக் காகிதத்தில் ஓட்டை இல்லை என்ற நிம்மதி வாய்க்கவில்லை. குமரி மாவட்டக் கடலோர ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்து அணியின் உயிராக இருந்த மைக்கேல் சூசைராஜ் அதே 2018 கோடையில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். இழப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் தேடலும் தெளிவாக இருந்தது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைக் காலில் வைத்தே ஆடும் பாணியை முதலில் தீர்மானித்தார். அதற்குப் பொருந்துகிறவர்களை ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து எடுத்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், தடுப்பில் எஸ்லாவா, கோல் கம்பத்தில் நவுசெத் சந்தானா. பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆட்டமொழி. அவர்களோடு நெய்வேலியின் எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ போன்ற நம் பையன்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மான்சி மூன்று கோல் போட்டார். பருவம் முழுக்க 21.

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தது. மான்சியின் பெனால்டி சமன் செய்தது. பிறகு கௌரவ் போரா, ஒரு தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் அடித்து 3-1 ஆக்கினார். ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம். இரண்டாவது பெயர் என்று நான் சொல்வது இதைத்தான்: முதல் ஆள் அடைபடும்போது வேறொருவர் முன்வர வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவர் புத்திசாலி, மற்றவர் அசட்டை என்று சொல்லிவிடலாம். 2019 கோடை அதைச் சொல்லவிடவில்லை. இம்முறை சாம்பியன் சென்னை சிட்டி, சரிந்ததும் அதுதான். நெஸ்டர் ஹைதராபாத் எஃப்சிக்குப் போனது ஒப்பந்தத் தகராறாகி, அவருக்குத் தடையில் முடிந்தது. எட்வின் சென்னையினுக்கே போனார். 2020 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 விழுக்காடு பங்கு வாங்கியிருந்தும் அந்த வெற்றிடங்கள் அப்படியே இருந்தன. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: நல்ல வீரரை ஐஎஸ்எல் பணம் தூக்கிச் செல்லும் ஏற்பாட்டில், ஐ-லீக் அணி எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரளவுதான் தாக்குப்பிடிக்க முடியும். சென்னையினின் சரிவு அதன் சொந்தக் கணக்குப் பிழை. சென்னை சிட்டியின் சரிவில் பாதி இந்தியக் கால்பந்தின் அமைப்புப் பிழை.

அதே 2019 கோடையில் சென்னையின் எஃப்சி வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, லூசியன் கோயன் ஆகியோரைக் கொண்டுவந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கிரிகரி விலகி ஓவன் கோய்ல் வந்தார். அதே வீரர்களோடு இறுதி ஆட்டம் வரை போனார். வால்ஸ்கிஸுக்கு 15 கோல், தங்கக் காலணி. பட்டியலை மட்டும் வைத்து வாதாடும் எவரையும் இந்த ஒரு பருவம் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும்.

பிறகு 2020 கோடை. கோய்லும் வால்ஸ்கிஸும் சேர்ந்தே ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். கிரிவெல்லாரோ இருக்கிறார் என்ற தைரியத்தில் அணி இறங்கியது. பருவத்தின் நடுவே அவரும் காயத்தில் வெளியேற, 20 ஆட்டங்களில் 17 கோல், 11 டிரா, எட்டாவது இடம். கணேஷுக்கு மாற்று தேடாத அதே நிர்வாகம், இரண்டே ஆண்டில் கிரிவெல்லாரோவுக்கும் முன்கூட்டியே மாற்று தேடவில்லை.