பூ போடும் அட்டையும் சி புரோகிராமும்: காஞ்சிபுரம் தறிக்குள்ள ஒரு கோடிங் வரலாறு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு சீன்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். ராத்திரி எட்டு மணி. வீட்டுக் கூடத்துல குழித்தறி. அப்பா தறியில உக்காந்திருக்கார். சுவரோரமா லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு மகள், இன்ஜினியரிங் முதல் வருஷம். நாளைக்கு சி லேப். 10 நம்பரை வரிசையா அச்சடிக்கணும், அவ்வளவுதான் புரோகிராம். ஆனா திரையில 11 நம்பர் வருது. கடைசி நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாத ஏதோ ஒரு குப்பை.

"என்னம்மா, அரை மணி நேரமா அதையே மொறைச்சுக்கிட்டு இருக்க?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

இது நான் கற்பனை பண்ண சீன்தான். ஆனா அந்தக் கடைசி வரி நம்ம நிறைய பேர் வீட்டுல சொன்ன வரி. நானும் சொல்லியிருக்கேன். இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு வரி எவ்வளவு தப்புன்னு பார்க்கப் போறோம். அதுக்குள்ளயே சி மொழியோட அடிப்படையும் கொஞ்சம் பிடிபட்டுடும். கோட் எல்லாத்தையும் வாயாலயே சொல்றேன், நோட்டுப் புத்தகம் வேண்டாம்.

தலைக்கு மேல தொங்குற பெட்டி

பட்டுப்புடவையில நீளவாக்குல போற நூல் பாவு. குறுக்க போற நூல் ஊடை. நாடா ஒவ்வொரு தடவை குறுக்க ஓடும்போதும் பாவுல சில நூல் மேல தூக்கணும், மத்தது கீழயே இருக்கணும். எது மேல, எது கீழங்கிறதுதான் மயில், அதுதான் யாளி, அதுதான் கோபுரக் கரை.

இந்தத் தூக்குற வேலைக்குக் காஞ்சிபுரத்துல பழைய காலத்துல 'அடை'ன்னு ஒரு முறை இருந்துச்சு. டிசைனை நூலாலயே தறியில கட்டி வச்சிருப்பாங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னு, எந்தக் கயிறு எப்போன்னு பார்த்து இழுக்கணும். டிசைன் அந்தக் கட்டுல இருக்கும், அதை ஓட்டுற வேலை ஒரு மனுஷனோட கையில இருக்கும்.

பிரான்ஸ்ல பட்டுக்குப் பேர்போன லியோன் நகரத்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்க இழுக்கிறதுக்குன்னே ஆள் இருந்தாங்க, பல நேரம் சின்னப் பசங்க. 1725ல பசீல் பூஷோன், துளை போட்ட காகிதச் சுருளை வச்சு எந்த நூலைத் தூக்கணும்னு தீர்மானிக்கிற வழியைக் கொண்டு வந்தார். அவருக்கு அப்புறம் ஃபால்கோன் காகிதத்துக்குப் பதிலா அட்டைகளைக் கோத்தார். இதையெல்லாம் சேர்த்து, நெசவாளி ஒருத்தரே மிதிச்சு ஓட்டுற மாதிரி 1804 வாக்குல செஞ்சு காட்டினவர் ஜோசப் மரி ஜக்கார்டு.

அந்த ஜக்கார்டு பெட்டிதான் இன்னைக்குக் காஞ்சிபுரத் தறிக்கு மேல உக்காந்திருக்கு. அதுல துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். துளை இருக்கிற இடத்துல ஊசி உள்ள போகும், அதோட கொக்கி மாட்டி நூலைத் தூக்கும். துளை இல்லைன்னா அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி மாட்டாது, நூல் கீழயே இருக்கும்.

துளை இருக்கு, துளை இல்லை. ஒண்ணு, பூஜ்யம்.

240 கொக்கி இருக்கிற ஒரு பெட்டியை எடுத்துக்கோங்க. ஒரு அட்டையில 240 முடிவுகள். 240 பிட். எட்டு பிட் ஒரு பைட்டுன்னா 30 பைட். நூறு அட்டை மாலை ஏறக்குறைய 3 கிலோபைட். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

கிராஃப் தாள்தான் சோர்ஸ் கோட்

இப்போ சி பக்கம் வருவோம். கோடிங் கத்துக்க ஆரம்பிக்கிறவங்க முதல்ல தடுமாறுற விஷயம்: நான் எழுதின ஃபைலை கம்ப்யூட்டர் ஏன் நேரா ஓட்டாது? கம்பைல்னா என்ன?

தறியில டிசைன் எப்படிப் போகுதுன்னு பாருங்க. ஓவியர் முதல்ல கட்டம் போட்ட கிராஃப் தாள்ல பூவை வரைவார். ஒரு வரிசை ஒரு ஊடைக்கு. ஒரு கட்டம் ஒரு கொக்கிக்கு. மனுஷன் பார்த்தா பூன்னு தெரியும். ஆனா தறிக்குத் தாளைப் படிக்கத் தெரியாது. அதைப் பார்த்து வரிசை வரிசையா அட்டையில துளை போடுறாங்க. அந்த அட்டை தறிக்குப் புரியும், நமக்கு வெறும் துளையா தெரியும். கிராஃப் தாள்தான் சோர்ஸ் கோட். அட்டை அடிக்கிற வேலைதான் கம்பைலர். அட்டை மாலைதான் கடைசியில ஓடுற புரோகிராம். பூவைத் திருத்தணும்னா தாளுக்குப் போய்த் திருத்தி, திரும்ப அட்டை அடிக்கணும். சியிலயும் அதேதான்.

அடுத்தது லூப். அட்டை மாலையோட கடைசி அட்டையை முதல் அட்டையோட சேர்த்துக் கட்டினா, அது வளையம். கரையில அதே கோபுரம் திரும்பத் திரும்ப வரும். சியில எழுதினா 'வைல் ஒன்னு'. நிறுத்துற வரைக்கும் ஓடும்.

துணியில இருந்து கணக்குக்கு

இங்கிலாந்துல சார்ல்ஸ் பாபேஜுன்னு ஒரு கணித அறிஞர். அவர்கிட்ட ஜக்கார்டோட உருவப்படம் ஒண்ணு இருந்துச்சு. பட்டுல நெய்தது. அதுக்கு மட்டும் ஏறக்குறைய 24,000 அட்டைகள். நூலை ஆட்டிவைக்கிற அட்டை எண்களை ஏன் ஆட்டிவைக்கக் கூடாதுன்னு அவர் 1830கள்ல யோசிச்சதுதான் அனலிட்டிக்கல் எஞ்சின். 1843ல அந்த எந்திரத்தைப் பத்தி விரிவான குறிப்புகள் எழுதின ஏடா லவ்லேஸும் அதை ஜக்கார்டு தறியோடதான் ஒப்பிட்டாங்க.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை. 'தறிதான் உலகத்தோட முதல் கம்ப்யூட்டர்'னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அது சரியில்லை. தறிக்கு 'இஃப்' தெரியாது. அட்டையில இருக்கிறதை வரிசையா செய்யும். ஒரு கணக்கோட விடையைப் பார்த்து, இது பூஜ்யத்தை விடக் குறைவுன்னா இந்தப் பக்கம் போ, இல்லைன்னா அந்தப் பக்கம் போன்னு அதால முடிவெடுக்க முடியாது. பாபேஜ் வரைஞ்ச எந்திரத்துல அந்த வசதிக்கு இடம் இருந்துச்சு. எந்திரத்தை அவர் கட்டி முடிக்கவே இல்லைங்கிறது வேற கதை.

அப்போ காஞ்சிபுரத் தறியில 'இஃப்' எங்க இருக்கு? குழிக்குள்ள கால் விட்டு உக்காந்திருக்கிற ஆள்கிட்ட. நூல் அறுந்தா நிறுத்து. சரிகை முறுக்கிக்கிச்சுன்னா பின்னாடி போ. முந்தி வரப்போகுதுன்னா பாவை மாத்தணும், பழைய பாவு நூல் ஒவ்வொண்ணோடயும் புது நூலைச் சேர்த்து முறுக்கணும், அதுதான் பேட்னி. இது எதுவும் அட்டையில கிடையாது.

24 கிலோபைட்

அட்டைகள் துணியை விட்டு அலுவலகத்துக்கு வந்தது ஹெர்மன் ஹாலரித் மூலமா. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அவர் துளை அட்டையில எண்ணினார். அந்த வழியில வந்ததுதான் ஐபிஎம். சென்னை ஐஐடிக்கு 1970கள்ல ஐபிஎம் 370 வந்தப்போ, மாணவர்கள் புரோகிராமை அட்டையில அடிச்சு, கட்டா எடுத்துட்டுப் போய்க் கொடுத்து, விடைக்காகக் காத்திருந்தாங்க. அங்கிருந்து காஞ்சிபுரம் 70 கிலோமீட்டர் சொச்சம்தான். ரெண்டு ஊர்லயும் அட்டையில துளை. யாரும் யாரையும் ஒரே தொழில்னு நினைக்கலை.

அதே காலத்துல, 1972 வாக்குல, அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்குறார். கென் தாம்ப்சன் எழுதின 'பி' மொழிதான் அதுக்கு முன்னாடி வந்தது, அதனால இது சி. அவங்க கையில இருந்த பிடிபி-11 எந்திரத்தோட நினைவகம் 24 கிலோபைட். நம்ம கணக்குப்படி ஏறக்குறைய 800 அட்டை. அவ்வளவுதான் மொத்த இடம்.

சி ஏன் இவ்வளவு கறாரான மொழின்னு இப்போ புரியுதா? இடம் இல்லை. அதனால சி உங்களை நம்பிடும். 10 எண்ணுக்கு இடம் கேட்டுட்டு 11வதைப் படிச்சா, 'தம்பி, தப்பு'ன்னு சொல்லாது. பக்கத்துல என்ன கிடக்குதோ அதை எடுத்துக் கொடுக்கும். தறியும் அப்படித்தான். ஒரு அட்டை இடம் மாறிக் கோத்துட்டா தறி கத்தாது. நாலு விரக்கடை நெய்த பிறகு மயிலோட கழுத்து கோணலா தெரியும்.

இந்த நம்பிக்கைக்கு விலையும் உண்டு. 1988ல இணையத்தை முடக்கின மாரிஸ் வோர்ம் உள்ள நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு இதுதான்: ஒதுக்கின இடத்தை விடப் பெரிய தகவலைக் கொடுத்தா சி தடுக்காது.

1978ல கெர்னிகன், ரிச்சி ரெண்டு பேரும் எழுதின புத்தகம் வந்துச்சு. 'ஹலோ வேர்ல்ட்' உலகம் முழுக்கப் பரவினது அதுல இருந்துதான். நம்ம ஊர் கல்லூரிகளுக்கு சி வந்தது கொஞ்சம் பின்னாடி. யஷவந்த் கனேத்கரோட 'லெட் அஸ் சி', பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த இ. பாலகுருசாமியோட 'புரோகிராமிங் இன் ஆன்சி சி', அப்புறம் 1987ல வந்த டர்போ சியோட அந்த நீலத்திரை. அது உலகத்துல ஓய்வு பெற்ற பிறகும் நம்ம லேப்ல பல வருஷம் வேலை பார்த்துச்சு. சிரிக்காதீங்க, நானும் அதுலதான் படிச்சேன்.

கயிறு இழுத்த கை

இந்தக் கதையில சங்கடமான ஒரு பக்கமும் இருக்கு. ஜக்கார்டு பெட்டி கயிறு இழுக்கிற ஆளோட வேலையை எடுத்துக்கிச்சு. ஆனா காஞ்சிபுரத்துல கோர்வைன்னு ஒண்ணு இருக்கு. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டையும் நெய்யும்போதே கோத்துப் பிணைக்கணும். மூணு நாடா, ரெண்டு ஆள். அந்த ரெண்டாவது ஆள் பல வருஷம் ஒரு குழந்தையா இருந்துச்சு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செஞ்ச வேலைகள் பட்டியல்ல நெசவும் இருந்துச்சு. ஆனா குடும்பத்தோட சேர்ந்து வீட்டுல செய்யற வேலைக்கு அந்தச் சட்டம் விலக்கு கொடுத்துச்சு. தறி இருந்தது வீட்டுக்குள்ளதான்.

அதனால, அப்பா தறியில, மகள் லேப்டாப்ல இருக்கிற அந்த சீன் சாதாரண சீன் இல்லை. அந்தக் கை கயிறையும் நாடாவையும் விட்டுட்டுக் கீபோர்டுக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. அது நல்லது. அதே நேரம், தறியை விட்டுட்டு வர்றதுன்னா தறியில இருந்த அறிவையும் 'படிக்காதவங்க வேலை'ன்னு விட்டுட்டு வரணும்னு யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. எனக்கு இடிக்கிறது அதுதான். சம்பளப் பட்டியல்ல ஒருத்தர் டெவலப்பர், ஒருத்தர் கூலி. ரெண்டு பேர் செய்யறதுலயும் வரிசை இருக்கு, திரும்பச் செய்யறது இருக்கு, தப்பைத் தேடிப் பிடிக்கிறது இருக்கு.

சரி, அந்தக் கூடத்துக்கே திரும்பிப் போவோம். மகள் இந்தத் தடவை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுறா. "அப்பா, ஐ பூஜ்யத்துல ஆரம்பிக்குது. 10க்குக் குறைவாவோ சமமாவோ இருக்கிற வரைக்கும் ஓடுன்னு எழுதியிருக்கேன்."

அப்பா நாடாவை வச்சுட்டு விரல் விட்டு எண்றார். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு...

"பத்து அட்டை கோக்க வேண்டிய இடத்துல பதினொண்ணு கோத்துட்டியேம்மா."

அவ்வளவுதான். 'சமமாவோ'ங்கிற அந்த ஒரு குறியை அழிச்சா போதும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். அதுவரைக்கும், உங்க வீட்டுல யார் என்ன வேலை பார்த்தாங்களோ, அதுல 'இஃப்' எங்க இருந்துச்சுன்னு அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க.