எல்க் மானும் ஒன்றரை மில்லிமீட்டர் சண்டையும் (இழை)

1/
"எல்க் வேட்டைக்கு எந்த காலிபர் துப்பாக்கி சரி?" அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் இது கிட்டத்தட்ட நூறு வருஷ சண்டை. நம்ம நாட்டில் 1972 சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அப்புறம் ஒரு டாக்டர் எதுக்கு இதை எழுதணும்னு கேட்பீங்க. இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை மருத்துவர்கள் வர்றாங்க. அதனால்தான்.

2/
முதலில் அடிப்படை. எல்க் என்பது நம்ம கடமானை விடப் பெரிய மான். வளர்ந்த ஆண் சாதாரணமா 300 கிலோ தாண்டும். காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அமெரிக்காவில் அங்குலத்தில் சொல்வார்கள். .30 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு, அதாவது 7.6 மி.மீ. அவ்வளவுதான்.

3/
குண்டு பட்ட மிருகம் எப்படிச் சாகிறது? சினிமாவில் வர்ற மாதிரி தூக்கி எறியப்பட்டு அல்ல. இரண்டு நுரையீரலும், இல்லை இதயமும் கிழிந்தால் ரத்த அழுத்தம் சரியும், மூளைக்கு ரத்தம் நிற்கும், நொடிக்கணக்கில் விழுந்துவிடும். அதே குண்டு வயிற்றில் பட்டால்? குடல் கிழிந்து, மணிக்கணக்கில் நடந்து, யாரும் பார்க்காத ஒரு புதரில் துடித்துச் சாகும். காலிபர் சண்டையின் அடியில் இருக்கிற உண்மையான கேள்வி இதுதான். அந்த உயிர் எவ்வளவு நேரம் வலியோடு இருக்கப் போகிறது?

4/
1873இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த .45-70 தோட்டாவைப் பாருங்க. குண்டின் விட்டம் 11.6 மி.மீ., எடை 26 கிராம். அப்போது இருந்தது கறுப்பு வெடிமருந்து மட்டுமே. குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்டவே முடியாது. அதிக பலம் வேண்டுமா? குண்டைப் பெருசாக்கு. "பெரிய குண்டுதான் கொல்லும்" என்ற நம்பிக்கை வலுத்தது இப்படித்தான். அந்தக் காலத்துக்கு அது சரியும்கூட.

5/
1884இல் பிரான்சின் பால் வியே புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். எல்லாம் தலைகீழானது. சின்னக் குண்டு, இரட்டிப்பு வேகம். அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு 1895இல் .30-30 கிடைத்தது. ராணுவத்துக்கு 1906இல் .30-06 வந்தது (கடைசி 06 அந்த வருஷத்தைக் குறிக்கும்).
ஆனால் புதுசா ஒரு சிக்கல். முழு உலோக உறை போட்ட சின்னக் குண்டு, பல நேரம் உடம்பில் சின்ன ஓட்டை போட்டு மறுபக்கம் போய்விடும்.

6/
இதற்கு ஒரு பதில் நம்ம நாட்டில்தான் தயாரானது. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலை. 1890களில் அங்கே குண்டின் நுனியில் உறையை நீக்கி ஈயம் தெரியும்படி விட்டார்கள். உடம்பில் பட்டதும் நுனி காளான் மாதிரி விரியும், காயம் பெரிதாகும். வடமேற்கு எல்லையில் மனிதர்கள் மேல் பயன்படுத்துவதற்காக ஆங்கிலேயர்கள் செய்த வேலை இது.

7/
ஜெர்மானிய அறுவை மருத்துவர் பால் ஃபான் புருன்ஸ் சோதனை செய்து, இத்தகைய குண்டுகளின் கொடூரத்தை எழுதினார். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் மறுத்தார்: "நீங்க சோதித்தது அதிக ஈயம் வெளியே தெரியும் வேட்டைக் குண்டு. டம்டம் வேறு" என்பது அவர் வாதம். மருத்துவம் படித்தவங்களுக்கு இவரைத் தெரியும். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை அடையாளம் கண்டு பெயர் வைத்தவர்.
1899இல் ஹேக் மாநாடு, விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது.

8/
இப்போ ஒரு முரண் பாருங்க. கொலராடோ மாநிலத்தில் ரைஃபிளால் எல்க் வேட்டையாட விரியும் குண்டு கட்டாயம்! குறைந்தபட்சம் .24 காலிபர், 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்) எடை. போரில் தடை, வேட்டையில் கட்டாயம். ஏன்? போரில் எதிரி காயம்பட்டு விலகினாலே போதும், அவன் பிழைத்துக்கொள்ளலாம். காயம்பட்ட எல்க்குக்கு ஆஸ்பத்திரி கிடையாது. அதனால் வேட்டையில் அரைகுறைக் காயம்தான் பெரிய கொடுமை.

9/
1925இல் வந்தது .270 வின்செஸ்டர். 8.4 கிராம் குண்டு, நொடிக்கு 900 மீட்டருக்கும் மேல் வேகம். இதைத் தூக்கிப் பிடித்தவர் ஜாக் ஓ'கானர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர், பிறகு 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர். வேகமான, பின்னால் அதிகம் உதைக்காத துப்பாக்கியால் சரியான இடத்தில் சுடு என்பது அவர் கட்சி.

10/
எதிர்க்கட்சி எல்மர் கீத். ஐடஹோவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர், வேட்டை வழிகாட்டி. பின்னாளில் .44 மேக்னம் கைத்துப்பாக்கித் தோட்டா உருவாகக் காரணமாக இருந்தவர். ".270 குண்டு எலும்பில் பட்டதும் சிதறிப்போகிறது. எல்க்குக்கு .33க்கு மேல், 250 கிரெயின் (16 கிராம்) குண்டு வேண்டும்" என்பது அவர் நிலை. அவர் விரும்பிய வகையிலேயே 1958இல் .338 வின்செஸ்டர் மேக்னமும் வந்தது. இருவரும் பல வருஷம் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள்.
இரண்டு குண்டுகளின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்!

11/
விடை வேறு இடத்திலிருந்து வந்தது. 1946இல் ஜான் நாஸ்லர் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் வேகமான .300 மேக்னம். சேறு காய்ந்த தடித்த தோலில் பட்டதும் குண்டு உடைந்தது, ஆழமாய்ப் போகவில்லை. ஊர் திரும்பி, நடுவில் ஒரு உலோகத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948இல் விற்பனைக்கு வந்தது.
கீத் சொன்ன குறை உண்மைதான். ஆனால் அது காலிபரின் குறை அல்ல, குண்டு கட்டிய விதத்தின் குறை.

12/
இதை ஆய்வகத்தில் விளக்கியவரும் ஒரு அறுவை மருத்துவர்தான். மார்ட்டின் ஃபேக்லர், வியட்நாமில் காயங்களை நேரில் பார்த்த அமெரிக்க ராணுவ டாக்டர். 1980களில், தசையைப் போல நடந்துகொள்ளும் 10 சதவீத ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுப் பார்த்தார். குண்டின் ஆற்றல் எத்தனை என்ற எண்ணை மட்டும் வைத்துக் காயத்தைக் கணிக்க முடியாது; எவ்வளவு ஆழம் போனது, வழியில் எந்தத் திசு கிழிந்தது என்பதுதான் முக்கியம் என்றார்.

13/
நம்ம ஓ.பி.யில் "டாக்டர், கொஞ்சம் பவரான மாத்திரையா எழுதுங்க" என்று கேட்பாங்க இல்லையா? அதே மனசுதான் பெரிய மேக்னம் வாங்குவதும். மேக்னம் தோளில் பலமாக உதைக்கும். சுடுகிறவர் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடி உடம்பைச் சுருக்குவார். குறி ஒரு சாண் தள்ளிப் போகும். நுரையீரலுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும். பவர் கூடியதால் மிருகத்தின் வேதனையும் கூடுகிறது.

14/
கதை இன்னும் முடியவில்லை. ஈயக் குண்டு விரியும்போது நுண்துகள்கள் இறைச்சியில் சிதறும். வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலைத் தின்ற கலிஃபோர்னியா காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்தன. 1982இல் உலகில் மிஞ்சியவை வெறும் 22. 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. பலர் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டார்கள்.

15/
ஆக, எந்த காலிபர்? .270, .30-06, .338 எல்லாமே எல்க்குக்குப் போதும். பயப்படாமல் சுட முடிகிற துப்பாக்கி, ஆழமாய்ப் போகும் நல்ல குண்டு, கைக்கு எட்டுகிற தூரம். இதோடு, மான் சரியான கோணத்தில் நிற்காவிட்டால் சுடாமல் திரும்பும் பொறுமை. இந்தக் கடைசியை மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.