ஆமைக்குப் பாடம் சொன்ன குழந்தைகள்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சென்டிமீட்டர் நீளத்திற்குக் கோடு வரையுங்கள். வலப்பக்கம் 90 பாகை திரும்புங்கள். இதையே இன்னும் மூன்று முறை செய்யுங்கள். சதுரம் கிடைத்துவிட்டதல்லவா? குழந்தைக்கும் கணிப்பொறிக்கும் இடையே புதியதோர் உறவை ஏற்படுத்தியது இந்த எளிய விளையாட்டுதான்.

1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் திட்டம் தொடங்கியது. அதில் கணிப்பொறி ஆசிரியராக அமர்ந்தது. பொறி வினாத் தொடுக்கும், மாணவர் விடையளிப்பார், சரியா, தவறா என்று பொறி சொல்லும்.

சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர். பொறி குழந்தைக்குக் கட்டளையிடுவதற்குப் பதிலாகக் குழந்தை பொறிக்குக் கட்டளையிட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1967இல் வாலி ஃபோர்ஸைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினார். பின்னர் அதனுடன் 'ஆமை' வந்து சேர்ந்தது. கட்டளைப்படி தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு பொறி அது. பிற்காலத்தில் திரையிலும் ஆமை ஊர்ந்தது.

சமபக்க முக்கோணம் வரைய விரும்பும் குழந்தை என்ன செய்யும்? உட்கோணம் 60 பாகை என்பதால், ஆமையை 60 பாகை திரும்பச் சொல்லும். மூன்று கோடுகள் வரும். ஆனால் முக்கோணம் மூடாது. அறுகோணத்தில் பாதிதான் கிடைக்கும்! உடனே குழந்தை தானே ஆமையாகி நடந்து பார்க்கிறது. புறப்பட்ட இடத்திற்கு வந்து, முன்பு பார்த்த திசையையே பார்க்க, மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும். மூன்று முனைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 120 பாகை. தவறு இங்கே தண்டனைக்குரியதன்று. அடுத்த படிக்கு வழிகாட்டி.

இந்தியப் பள்ளிகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டம் 1984இல் தொடங்கியது. ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு 'பிபிசி மைக்ரோ' பொறிகள் வந்தன. ஆனால் அவை மேல்நிலை மாணவர்களுக்கே. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் மேல்நிலை, கல்லூரி மாணவர்களையே கருதியது. சின்னஞ்சிறார்களின் முறை பின்னால் நின்றது.

அதே காலத்தில் சிவகாசி வட்டாரத்தில் சிறுவர் கைகள் வேறு வேலையில் ஈடுபட்டிருந்தன. தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயது நிரம்பாதவர்களை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பலர் மாண்டனர். இத்தகைய ஊர்களின் குழந்தைகளுக்கு வேறு வாழ்க்கைப் பாதைகள் திறக்க வேண்டுமானால், சொன்னதைத் திரும்பச் செய்யும் பழக்கம் மட்டும் போதாது. அந்தப் பழக்கத்தைக் கைகளுக்குத் தொழிற்கூடமே தந்துவிடும். வினாவும் விடையும் மட்டுமே காட்டும் திரை மனத்துக்கும் அதையே தரும்.

கணிப்பொறி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு சிறுவனை ஆமையாக நிறுத்துங்கள், மற்றவர்கள் கட்டளையிடட்டும். ஐந்து முனை நட்சத்திரம் வரைய ஒவ்வொரு முனையிலும் எத்தனை பாகை திரும்ப வேண்டும்? 72 அன்று. ஏன் என்று நீங்களும் நடந்து பாருங்கள்!